பழைய மர வேலை யந்திரங்களைப் புகைப்படமெடுத்தல்

அந்தமான் தீவுகளில், போர்ட் பிளேரை அடுத்த சாத்தம் தீவில், 1883-ஆம் ஆண்டில் அரசாங்க மரம் அறுக்கும் ஆலை நிறுவப்பெற்றது. 1942-இல் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு இலக்கானமையால் அவ்வாலையின் வரலாற்றைப் பலர் அறிவர். அத்தகைய புகழில்லாத ஆலைகளும் மரவாடிகளும் நாடெங்கும் உள்ளன. அவற்றின் யந்திரங்கள் பழுதுற்றதும் பழைய இரும்பாக எடைபோட்டு விற்கப்படுகின்றன. பின்னர் எஞ்சுவது, களப்பணியாளரோ ஆசிரியரோ எடுத்துவைத்த புகைப்படமே. அப்படத்தைக் கொண்டு யந்திரம் இயங்கிய விதத்தைக் கணக்கிட இயலவேண்டும்.

மின்விசையைத் துண்டித்த பின்னரே யந்திரத்தை அணுகுதல் வேண்டும். படம் தெளிவாக அமையும்பொருட்டு, ஓடும் ரம்பத்தின் காப்பு மூடியை அகற்றச் சொல்வது பெரும் பிழையாகும்.

கறுத்த வார்ப்பிரும்பு ஒளியை விழுங்கும். அதனருகே தேய்ந்து பளபளக்கும் மேசையோ கண்ணைக் கூசச் செய்யும். நேரெதிரிலிருந்து பிளாஷ் விளக்கைப் பாய்ச்சினால் மேசை வெள்ளைத் திட்டாகிவிடும். வாயில் வழியே பக்கவாட்டில் வரும் பகல் வெளிச்சமே ஏற்றது. காமிராவை முக்காலியில் நிறுத்தித் துவாரத்தைச் சிறிதாக்கி, ஓரிரு விநாடி ஒளி படவிடலாம். நிற்கும் யந்திரம் எங்கும் ஓடிவிடாது.

செய்தவரின் பெயர் பெரும்பாலும் சட்டத்திலேயே வார்ப்பெழுத்தாக அமைந்திருக்கும். பன்முறை வர்ணம் பூசியதால் அது மழுங்கியிருப்பதுண்டு. கைவிளக்கைப் பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், எழுத்துக்களின் நிழல் விழுந்து பெயர் புலப்படும். கம்பித் தூரிகையால் தேய்த்தல் கூடாது. பழைய வர்ணமும் ஒரு சான்றே.

கைப்பேசியாலும் இவ்வேலையைச் செய்யலாம். ஆனால் மிக நெருங்கி நின்று அகலக் கோணத்தில் எடுத்தால், முன்னுள்ள சக்கரம் பெருத்தும் பின்னுள்ளது சிறுத்தும் தோன்றும். சில அடி பின்வாங்கி, வில்லையைச் சக்கரத்தின் மையத்துக்கு நேராக வைத்து, அளவுகோலைச் சக்கரத்தின் முகத்தோடு ஒட்டி நிறுத்தி எடுத்தல் வேண்டும். அளவுகோலின் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்கு 1,440 சுழற்சி எனக் குறிக்கப்பட்டுள்ளது என்றும், மோட்டாரின் புல்லி 20 செ.மீ., ரம்பத்தின் புல்லி 30 செ.மீ. விட்டமுடையன என்றும் கொள்வோம். ரம்பம் நிமிடத்துக்கு 960 முறை சுழலும். வட்ட ரம்பத்தின் விட்டம் 90 செ.மீ. ஆயின், அதன் பற்கள் விநாடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர் விரைவில் செல்லும். பெல்ட் சிறிது வழுக்குவதால் உண்மை விரைவு சற்றே குறையும். மாணவர்களும் போடக்கூடிய கணக்கு இது. ஆயினும் இரு புல்லிகளில் ஒன்றும், மோட்டாரின் தகடும் விடுபட்ட படங்களே பெரும்பாலும் கிடைக்கின்றன.

கையால் பலகையைத் தள்ளும் இழைப்பு யந்திரத்தில், கத்திகள் பொருத்திய தண்டின் முனையைப் பக்கவாட்டில் தனியே படமெடுத்தல் அவசியம். மிகப் பழையவற்றில் இத்தண்டு சதுரமானது. கை தவறினால், சதுரத்தின் தட்டைப் பக்கத்துக்கும் மேசையின் விளிம்புக்கும் இடையேயுள்ள வெளியில் விரல்கள் ஆழமாக இறங்கிவிடும். உருளைத் தண்டு அவ்வெளியை நிரப்பிக் காயத்தின் ஆழத்தைக் குறைத்தது. கையால் ஊட்டப்படும் இவ்வகை யந்திரங்களுக்கு உருளைத் தண்டையே பிரிட்டனின் 1922-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கின. சதுரத் தண்டுடைய யந்திரம் இன்னும் உபயோகத்தில் இருக்கக் கண்டால், படமெடுப்பவர் அன்றே அதனை ஆலையின் மேலாளருக்குத் தெரிவித்தல் வேண்டும்.