டிராக்டரின் முன்விளக்கை மாற்றியபின் மட்டம் பார்க்கும் முறை

1920-ம் வருஷத்தில் ஜி. டி. நாயுடு அவர்கள் ஒரே ஒரு மோட்டார் பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியதைக் கொங்கு நாட்டார் நன்கு அறிவர். அதே மார்க்கத்தில் இன்று தேங்காயும் கரும்பும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர்கள் இரவு வேளையிலும் செல்கின்றன. தை மாதத்திலோ, தைப்பூசத்தை முன்னிட்டு ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் முதலிய பக்கங்களிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரையாகச் செல்லும் ஜனங்கள், வெயிலின் கொடுமைக்கு அஞ்சி, இரவிலும் விடியற்காலையிலும் சாலையோரமாய் நடக்கின்றனர். மகசூல் வண்டியும் காவடி எடுத்தவரும் ஒரே இருட்டில், ஒரே சாலையில் சந்திக்கும் காலம் அது. ஆகையால் டிராக்டரின் முன்விளக்கு எவ்வளவு பிரகாசமாயிருக்கிறது என்பதைக் காட்டிலும், அதன் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதே முக்கியமான விஷயமாகும்.

விளக்கு உடைந்தாலும் பல்பு எரிந்துபோனாலும் புதியது வாங்கிப் பொருத்துகிறோம். அது எரிந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணி விடுகிறோம். வெளிச்சம் மரக்கிளைகள் வரை எட்டினால் நல்ல விளக்கு என்று ஓட்டுநர் மகிழ்கிறார். ஆனால் அவ்வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் பாய்கிறது. கண் கூசியவருக்குப் பார்வை முன்போல் தெளியச் சில விநாடிகள் செல்லும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடும். மூன்று விநாடிகளில் அது 33 மீட்டர் தூரத்தைக் கண்மூடினாற்போலக் கடக்கிறது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஓரமாய் நடப்பவரும், விளக்கில்லாத மாட்டு வண்டியும் அவ்வேளையில் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

மாற்றிய விளக்கு மட்டம் தவறுவதற்குக் காரணங்கள் உண்டு. பல வண்டிகளில் வழங்கும் ஹாலோஜன் பல்பில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழைகள் உள்ளன. டிம் இழையின் கீழே சிறிய உலோக மறைப்பு ஒன்று உண்டு. அது கிண்ணத்தின் மேற்பாதியில் மட்டும் வெளிச்சம் படச் செய்து, கதிர்களைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. பல்பின் அடித்தகடு தன் பள்ளத்தில் சரியாக உட்காராவிடில் இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். ஹாலோஜனுக்கென்று செய்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகும்போது, ஒளி பிறக்குமிடம் இழை இருந்த இடத்துக்கு ஒத்து வராவிடில் வெளிச்சம் நாற்புறமும் சிதறும். இக்குறை திருகைத் திருப்புவதால் தீராது. பழைய வகைப் பல்பையே திரும்பப் போடுவதுதான் பரிகாரம். மேலும் நமது நாட்டில் இடப்பக்கமாகச் செல்வதால், டிம் வெளிச்சம் இடதுபுறம் சற்று உயர்ந்து சாலையோரத்தைக் காட்ட வேண்டும். வலப்பக்கம் செல்லும் தேசங்களுக்கெனச் செய்த விளக்கை வாங்கினால், அது எதிரில் வருவோர் கண்ணையே தாக்கும்.

சிறு பிசகு பெருந்தீங்காவதைக் கணக்கால் அறியலாம். தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்திலுள்ள விளக்கின் டிம் வெளிச்சம் நூற்றுக்கு ஒன்று வீதம் தாழ்ந்தால், அதன் மேல்விளிம்பு 50 மீட்டர் தூரத்தில் 45 செ.மீ. உயரத்தில் நிற்கும், 95 மீட்டரில் தரையைத் தொடும். அதே விளக்கு ஒரே ஒரு பாகை மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், 50 மீட்டரில் மேல்விளிம்பு 132 செ.மீ. வரை ஏறிவிடும். காரோட்டுகிறவரின் கண் ஏறக்குறைய 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்பதை நினைத்தால், இதன் பலன் விளங்கும்.

மட்டம் பார்க்கும் முறை வருமாறு:

1. வெள்ளையடித்த சுவருக்கு எதிரே சமமான தரை வேண்டும். உலர்களம் இதற்கு ஏற்றது. மழைநீர் வடியக் களத்தில் சரிவு விட்டிருப்பார்களாதலால், கொத்தனாரின் தண்ணீர் மட்டக் குழாயைக் கொண்டு, சக்கரங்கள் நிற்குமிடமும் சுவரின் அடியும் ஒரே மட்டமாயிருப்பதை அறிந்து கொள்க.

2. டயர்களில் உரிய அளவு காற்று நிரப்பி, வழக்கமான பாரத்துடன் டிரெய்லரை மாட்டி, ஓட்டுநரை ஆசனத்தில் அமர்த்துக. இரண்டு விளக்குகளின் கண்ணாடிகளும் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இரு தூரங்களும் ஒத்திருந்தால் வண்டி சுவருக்கு நேராக நிற்கிறதென்று கொள்ளலாம்.

3. விளக்கின் நடுமையத்தின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதற்கு 10 செ.மீ. குறைவான உயரத்தில் சுவரில் படுகோடு ஒன்று இடுக. விளக்கு 95 செ.மீ. உயரமானால் கோடு 85 செ.மீ. உயரத்தில் அமையும். ஆசனத்தின் பின்னின்று பானெட்டின் நடுவழியாக நோக்கிச் சுவரில் நடுப்புள்ளியைக் குறித்து, விளக்குகளின் இடைவெளியில் பாதியை இருபுறமும் அளந்து இரண்டு நெடுங்கோடுகள் இடுக.

4. அந்தி மயங்கியபின் டிம் விளக்கைப் போட்டு, ஒன்றின் முன்னே அட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைக் கவனிக்க. வெளிச்சத்தின் மேல்விளிம்பு படுகோட்டில் பொருந்தவும், அவ்விளிம்பு இடதுபுறம் ஏறத் தொடங்கும் முனை நெடுங்கோட்டில் நிற்கவும் திருகையோ, தாங்கியின் போல்ட்டையோ தளர்த்திச் சரிசெய்க. விளிம்பு தெளிவாகத் தெரியாத விளக்கில், மிகப் பிரகாசமான பகுதி படுகோட்டுக்கு மேலே போகாமலிருக்க வேண்டும்.

5. போல்ட்டை முறுக்கியபின் மறுபடியும் பார்க்க. முறுக்கும்போதே விளக்கு அசைந்துவிடுவது உண்டு.

பாரத்துடன் பார்க்கச் சொன்னதை அலட்சியம் செய்யலாகாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2 மீட்டர் இடைவெளியுள்ள டிராக்டரில், டிரெய்லரின் பாரத்தால் பின்பக்கம் 2 செ.மீ. தாழ்ந்தால், நாம் வைத்த நூற்றுக்கு ஒன்று என்ற தாழ்வு முழுவதும் மறைந்துபோம். வெறும் வண்டியில் சரியாயிருந்த விளக்கு, கரும்பு ஏற்றியவுடன் பிறர் கண்ணை நோக்கும். பாரத்துடன் மட்டம் பார்த்த விளக்கு, வெறும் வண்டியில் சற்றுக் கிட்டவே வெளிச்சம் தரும். அப்போது வேகத்தைக் குறைத்துச் செல்வதே போதும்.

1989-ம் வருஷத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, முன்விளக்கின் கதிர் கீழ்நோக்கியே அமைந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் அதைக் கீழ்நோக்கித் திருப்பக் கூடியதாயிருக்க வேண்டும் என்று கூறுகிறது. எதிரில் வண்டியைக் கண்டதும் டிம் செய்வது இதன் கருத்து. ஆனால் விளக்கே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் டிம் செய்தும் பயனில்லை. இரவில் உழுவதற்காகப் பின்புறம் பொருத்திய விளக்கைச் சாலையில் ஏறுமுன் அணைத்துவிட வேண்டும் என்பதையும் மறவாதிருக்க வேண்டும். அது பின்னால் வருவோரின் கண்ணைக் குருடாக்கும்.

இவ்வேலைக்கு ஓர் அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும் அரைமணி நேரமுமே வேண்டும். கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் பொதுக் களத்துச் சுவர் ஒன்றில், தரையிலிருந்து உயரங்களைச் செ.மீ. கணக்கில் நிரந்தரமாக எழுதி, 10 மீட்டர் தூரத்தில் ஒரு கோடும் போட்டுவைப்பார்களானால், ஊரிலுள்ள டிராக்டர்கள் யாவும் பயனடையும். விளக்கு மாற்றிய ஒவ்வொரு தடவையும், தை பிறக்குமுன் ஒரு தடவையும் விவசாயிகள் தங்கள் வண்டிகளை அச்சுவரின் எதிரே நிறுத்திப் பார்ப்பார்களாக. நம் விளக்கு நமக்கு வழிகாட்டுவதோடு, எதிரே நடந்து வருகிறவரின் உயிரையும் காக்க வேண்டும்.