குடிநீரில் கரைந்துள்ள அயனிகளைக் கண்டறிதல்

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர் அனைத்தும் குடிப்பதற்கு உகந்ததன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937ஆம் ஆண்டு புளோரோசிஸ் நோய் கண்டறியப்பட்டது. பற்களில் கறையும் எலும்புகளில் விறைப்பும் உண்டாக்கும் இந்நோய்க்குக் காரணம் நீரில் கரைந்துள்ள புளோரைடு அயனியே. அதற்கு நிறமில்லை, மணமில்லை, நீரைக் காய்ச்சினாலும் அது நீங்குவதில்லை. வேதியியல் சோதனை ஒன்றே அதைக் காட்டிக் கொடுக்கும்.

அடிப்படைத் தத்துவம்

ஓர் அயனியுடன் வினைபுரிந்து, வீழ்படிவையோ நிறமாற்றத்தையோ தரும் பொருளைச் சேர்ப்பதே சோதனையின் அடிப்படை. ஆனால், ஒரே விளைவை வேறு அயனிகளும் தரக்கூடும். அவற்றை விலக்கிய பின்னரே முடிவு கூறவேண்டும்.

குளோரைடு: நீருடன் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்த்தால், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு உண்டாகும், அது அம்மோனியாக் கரைசலில் கரையும். அமிலம் சேர்ப்பது ஏன்? கார்பனேட்டும் வெள்ளியுடன் வீழ்படிவு தரும். அமிலம் அதை முன்னரே நீக்கிவிடுகிறது.

சல்பேட்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் பேரியம் குளோரைடு சேர்த்தால், அமிலத்தில் கரையாத வெண்ணிற வீழ்படிவு தோன்றும்.

இரும்பு: பெர்ரிக் அயனி இருப்பின், பொட்டாசியம் தயோசயனேட் இரத்தச் சிவப்பு நிறம் தரும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இரும்பு பெரும்பாலும் பெர்ரஸ் நிலையில் இருப்பதால், முதலில் அதை ஆக்சிஜனேற்றம் செய்தல் வேண்டும்.

புளோரைடு சோதனை

சிர்கோனியம் உப்பும் அலிசரின் சாயமும் இணைந்த அமிலக் கரைசல் செந்நிறமுடையது. புளோரைடு சிர்கோனியத்தைத் தன்னுடன் பிணைத்துக்கொள்ள, சாயம் விடுபட்டு நிறம் மஞ்சளை நோக்கி மாறும். இந்த மாற்றத்தை அளவு தெரிந்த கரைசல்களின் நிறத்துடன் ஒப்பிட்டு, புளோரைடின் அளவை மதிப்பிடலாம். சல்பேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்திருந்தால் புளோரைடு உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். அலுமினியம் இருந்தால் குறைவாகத் தோன்றும். நீரில் எஞ்சிய குளோரினும் சாயத்தை வெளுக்கச் செய்யுமாதலால், அதை முன்னதாகவே நீக்கவேண்டும்.

இருப்பதும் அளவும்

அயனி இருக்கிறது என்பது மட்டும் போதாது; எவ்வளவு என்பதே நலத்தைத் தீர்மானிக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் (2012) புளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. நைட்ரேட்டின் வரம்பு 45 மில்லிகிராம், அதற்குத் தளர்வில்லை.

2019இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம், கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சியளிக்க வகைசெய்தது. காலாவதியான வினைப்பொருளும் கழுவாத குழாயும் அவர்தம் உழைப்பை வீணாக்கும். ஆதலின், காய்ச்சி வடித்த நீரைக்கொண்டு ஒப்புச் சோதனை செய்வதும், ஐயத்திற்குரிய மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்புவதும் இன்றியமையாதவை. ‘புளோரைடு இல்லை’ என்று தவறாக எழுதப்படும் ஒரு குறிப்பு, ஓர் ஊரின் குழந்தைகளைப் பல்லாண்டுகள் அதே நீரைப் பருகச் செய்துவிடும்.