மரத்தடிக்கு ஒரு மூடாக்கு



மரம் உதிர்க்கும் சருகு குப்பையன்று. அஃது அம்மரத்தின் சேமிப்பு. வேர் மண்ணிலிருந்து பெற்ற சத்துகளில் ஒரு பகுதி இலையில் தங்குகிறது. இலை உதிர்ந்து மக்கியபின் அது மீண்டும் மண்ணையே சேருகிறது. சருகைக் கூட்டிக் கொளுத்தும் நாம் இந்த வரவு செலவை இடையில் முறித்துவிடுகிறோம்.

இப்பிழையில் எமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கமொன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். கட்டடத்தை அடுத்த பாவடியில் வேம்பும் புங்கமும் நின்றன. அவற்றின் அடியில் சருகு பரவிக் கிடக்கக் கண்டு, 'வளாகம் தூய்மையாக இல்லை' என ஆய்வுக் குறிப்பில் எழுதினோம். உறுப்பினர்கள் அதனை மதித்து நாள்தோறும் பெருக்கி எரித்தனர். மூன்றாம் கோடையில் மீண்டும் சென்றபோது தரை சிமெண்டுத் தளம் போல் இறுகியிருந்தது. ஊற்றிய நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. தீ மூட்டிய இடத்தை அடுத்த புங்கமரம் ஒரு பக்கம் பட்டுப்போயிருந்தது. பாவு விரித்துக் கஞ்சியிடுவோர் வெயிலில் நின்றனர். "ஐயா, மரத்தின் சோற்றையல்லவா எரித்துவிட்டோம்!" என்றார் முதியவர் ஒருவர். எமக்கு மறுமொழி இல்லை.

மண்ணின்மேல் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை நார்க்கழிவு, நிலக்கடலை ஓடு போன்றவற்றைப் பரப்புவதே மூடாக்கு. இது வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காக்கிறது; மழைத்துளி மண்ணை அறைந்து இறுக்காமல் தாங்குகிறது; களையை அடக்குகிறது. அடியில் மண்புழு பெருகி மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், இப்பயன் நேரே மரத்தைச் சேரும்.

செய்யும் முறை வருமாறு:

1. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கையில், தை மாதத்தில் இடுக. முதலில் களையை நீக்குக. வேரை வெட்டும்படி ஆழக் கொத்தலாகாது.

2. 2 முதல் 4 அங்குல கனம் போதும். அதற்கு மிகுந்தால் வேருக்குக் காற்றோட்டம் குறையும். அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தூரம் வரை சுற்றிலும் 3 அங்குல கனத்தில் பரப்ப, ஏறத்தாழ 1 கன மீட்டர் பொருள் வேண்டும்.

3. அடிமரத்தைச் சுற்றி அரைச் சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். பட்டையை ஒட்டிக் குவித்தால் அது ஈரத்தில் அழுகும், கறையானும் ஏறும்.

4. வட்டத்தைச் சுற்றிக் கல் வரம்பு வைத்து, சருகின்மேல் சிறிது நீர் தெளிக்கவும். காற்றில் சருகு பறந்து பாவில் ஒட்டாது. பீடி நெருப்பு அருகில் வரலாகாது.

5. மக்கிக் குறையுந்தோறும் புதிய சருகைச் சேர்த்து வருக.

விதை முற்றிய களைகளைப் பயன்படுத்தற்க. பாலியெஸ்டர் கலந்த கழிவு நூலும் பிளாஸ்டிக்கும் மக்கா. அவற்றைப் பிரித்து நீக்குக.

ஒவ்வொரு சங்கமும் முதலில் ஒரு மரத்துக்கேனும் இதைச் செய்து பார்க்கட்டும். சித்திரையில் மூடாக்கை விலக்கி மண்ணைத் தொட்டு, அருகிலுள்ள வெறுந்தரையோடு ஒப்பிடுக. எம் சொல்லைக் காட்டிலும் உங்கள் கையே நல்ல சான்று. மரத்தடிச் சருகைக் குறையென எழுதும் பழக்கத்தை யாமும் விட்டுவிட்டோம்.