விற்ற பொருள் வாபஸ் இல்லையா?

வீட்டில் பழைய பில் ஏதாவது இருந்தால் எடுத்து அடியில் பாருங்கள். பொடி எழுத்தில் "விற்ற பொருள் வாபஸ் வாங்கப்பட மாட்டாது" என்று போட்டிருக்கும். ஜவுளிக்கடை, செருப்புக்கடை, எலக்ட்ரிக்கல் கடை எங்கே போனாலும் இதே பாட்டுதான். நாமும் "அதான் போட்டுட்டாங்களே" என்று பேசாமல் வந்துவிடுகிறோம். அச்சடித்துவிட்டால் அது சட்டம் ஆகிவிடுமா? வணிகவியல் வகுப்பில் இந்தக் கேள்வி வந்தது. அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் முதலில் இருந்தது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த நாள் டிசம்பர் 24. அதனால்தான் அன்று தேசிய நுகர்வோர் தினம். (அது பெரும்பாலும் அரையாண்டு லீவில் வந்துவிடுவதால் நாம் கண்டுகொள்வதே இல்லை!) அதை எடுத்துவிட்டு 2019-இல் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். 2020 ஜூலை 20 முதல் அது அமலுக்கு வந்தது.

புதுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் 47-ஆவது உட்பிரிவு, 'நியாயமற்ற வணிக முறை' என்றால் என்ன என்று சொல்கிறது. அதில் இரண்டு விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். பொருளை விற்றுவிட்டு பில் தராமல் இருப்பது ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது இன்னொன்று. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் தர வேண்டும். கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். "வாபஸ் இல்லை" என்பது கெடு கிடையாதே!

ஆனால் ஒன்று. குறையுள்ள பொருளுக்குத்தான் இது. "கலர் பிடிக்கலை, தங்கச்சிக்கு சைஸ் பத்தலை" என்று போய் நின்றால் கடைக்காரர் மாற்றித் தருவது அவர் நல்ல மனசு. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது. அதுவும் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் ஸ்கூல் பேக்கை 650 ரூபாய்க்கு வாங்கினோம். நாலே நாளில் ஜிப் பிய்ந்துவிட்டது. அம்மா பில்லோடு போனார்கள். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். அம்மா திரும்பி வந்து ஊக்கு குத்திக் கொடுத்தார்கள்.

"650 ரூபாய்க்குப் போய் கேஸா?" என்று கேட்பீர்கள். 3 ரூபாய்க்கே கேஸ் நடந்திருக்கிறது! சண்டிகரில் ஒருவர் பாட்டா கடையில் செருப்பு வாங்கியபோது காகிதப் பைக்கு 3 ரூபாய் சேர்த்துவிட்டார்கள். பையில் கடையின் விளம்பரம் வேறு. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 3 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், நஷ்டஈடு 3,000, வழக்குச் செலவு 1,000, அது போக சட்ட உதவி நிதிக்கு 5,000. பழைய சட்டம் இருந்தபோதே இது.

இப்போது வழி இன்னும் சுலபம். முன்பு கடை இருக்கிற ஊரில் அல்லது பிரச்சினை நடந்த ஊரில்தான் வழக்குப் போட முடியும். இப்போது நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே பேசலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நமக்கு 18 வயசு ஆகவில்லையே என்றால், நம் சார்பில் அப்பா அம்மா போடலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கும் 2020-இல் தனி விதிகள் வந்தன. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் 'வந்து சேர்ந்தது' என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நாம் கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்த்துவிடுவது, "இன்னும் 2 தான் பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது போன்ற 13 தந்திரங்களுக்கு 2023 நவம்பரில் தடை போட்டார்கள்.

கேஸ் வரைக்கும் போவதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பார்க்கலாம். பில் கையில் இருக்கட்டும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், மிஷினில் வருகிற வழவழப்புத் தாள் பில் கொஞ்ச மாதத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது.

- 11-ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு