எண்டோஸ்கோபிக்கு முந்தின நாள்

பொள்ளாச்சியிலிருந்தும் கோபியிலிருந்தும் வயிற்றெரிச்சலோடு கோவைக்கு வருபவர்களை, “எண்டோஸ்கோபி பண்ணிப் பார்த்துரலாங்க” என்ற ஒரு வரி ராத்திரி தூங்கவிடாது. ராமநாதபுரம் ஜெம் மருத்துவமனை முதல் பீளமேடு பி.எஸ்.ஜி. வரை அன்றாடம் நடக்கும் பரிசோதனைதான் இது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

“மூச்சு அடைச்சுக்குமா?” என்பதுதான் பெரிய பயம். அடைக்காது. வாய் வழியாக விடும் கேமரா குழாய் போவது உணவுக்குழாய்க்குள். மூச்சு வழி திறந்தே இருக்கும். தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடித்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கிடையே பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். எச்சிலை விழுங்க முயலாமல் வழிய விட்டுவிடலாம். மூக்கால் மூச்சை மெதுவாக இழுத்து, நிதானமாக விட்டால் குமட்டல் தணியும். 1868-இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை வைத்துத்தான் விறைப்பான குழாயைச் செலுத்திப் பார்த்தார். இன்றைய குழாய் வளையக்கூடியது, சுண்டுவிரல் பருமன்தான்.

பரிசோதனைக்கு முன் ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. விடிகாலைப் பால் காபியும் கூடாது.

சர்க்கரைக்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பயம் அதிகமென்றால் மயக்க ஊசி கிடைக்குமா என்று தயங்காமல் கேட்பதே நல்லது. ஊசி போட்டால் துணைக்கு ஆள் தேவை, அன்று வண்டி ஓட்டக் கூடாது. தொண்டை மரத்தது தெளியும்வரை தண்ணீரும் வேண்டாம்.