பிள்ளையோடு வார்டில் தங்கும்போது

ரத்தப் புற்றுநோய் போல நீண்ட நாள் சிகிச்சை என்றால் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். கொடுத்த மருந்து, நேரம், டாக்டரிடம் கேட்க வேண்டியது எல்லாம் அதில் எழுதுங்கள். இரவில் அம்மா, பகலில் பாட்டி என்று ஆள் மாறும்போது குழப்பம் வராது.

கீமோதெரபிக்குப் பிறகு வீட்டில் இருக்கும் நாட்களில் தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். அளக்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் சூடு தணியும், கிருமித்தொற்று உள்ளேயே இருக்கும்.

"அழுதா ஊசி போட்டுடுவாங்க" என்ற மிரட்டலை விடுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். அடுத்த முறை பிள்ளை நம்பாது. "சுருக்குனு இருக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்" போதும்.

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் சொந்தக்காரர்களுக்குச் சளி இருமல் இருந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம். கோபித்தால் கோபிக்கட்டும். உதவியே தீருவேன் என்பவரிடம், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பொறுப்பைக் கொடுங்கள். தம்பியோடு சண்டை போட்டதால்தான் அவனுக்கு நோய் வந்ததோ என்று அந்தப் பிள்ளை மனதுக்குள் பயந்துகொண்டிருக்கலாம். அப்படி இல்லை என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் நகல்களை ஒரே கவரில் வைத்திருங்கள்.