முதலெழுத்துகள் எழுப்பிய வினா

நுழையும்முன்

செய்தியை வெளியிடுவதோடு இதழாளரின் பணி முடிந்துவிடுகிறதா? வெளியான செய்தியின்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியவர்கள் வாளாவிருந்தால் அவர் என்ன செய்வது? இவ்வினாக்களுக்குச் செயலால் விடையளித்தவர் வினீத் நாராயண். இதழாளராகத் தொடங்கி ஊழல் எதிர்ப்புப் போராளியானவர் அவர்.

கிடப்பில் இருந்த ஏடுகள்

1991ஆம் ஆண்டு தில்லியில் தீவிரவாத அமைப்பைச் சேர்ந்த ஒருவர் கைதானார். அவரிடம் நடத்திய விசாரணையைத் தொடர்ந்து, தொழிலதிபர் ஒருவருக்குரிய இடங்களில் மத்தியப் புலனாய்வுத் துறை சோதனையிட்டது. அங்குக் கிடைத்த நாட்குறிப்பேடுகளில் பெருந்தொகைகள் வழங்கப்பட்டதற்கான குறிப்புகள் இருந்தன. பெற்றவர்களின் பெயர்கள் இல்லை. முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. அவை, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்னும் வேறுபாடின்றித் தலைவர்கள் பலரின் பெயர்களோடும் உயர் அலுவலர்களின் பெயர்களோடும் பொருந்தின.

வங்கி வழியன்றித் தரகர் வழியே பணம் கைமாறும் முறை ‘ஹவாலா’ எனப்படும். தீவிரவாதிகளுக்குப் பணம் சென்ற அதே வழியில் தலைவர்களுக்கும் சென்றதோ என்னும் ஐயம் எழுந்தது. எனினும் விசாரணை நகரவில்லை.

‘காலசக்ரா’ என்னும் இந்திக் காணொலிச் செய்தி இதழை நடத்திவந்த வினீத் நாராயண் இதனை வெளிக்கொணர்ந்தார். 1993இல் அவரும் பிறரும் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர்.  முறையான விசாரணையைக் கோரினர்.

தொடர் ஆணை

ஒரே ஆணையோடு வழக்கை முடித்துவிடாமல், விசாரணையின் போக்கை அவ்வப்போது கேட்டறிந்து நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்தது. இம்முறை ‘தொடர் ஆணை’ எனப்பட்டது. தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையிலான அமர்வு 1997 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வழங்கியது.

இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அலுவலர்களை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற நடைமுறை செல்லாததாயிற்று. புலனாய்வுத் துறை இயக்குநருக்குக் குறைந்தது 2 ஆண்டுப் பதவிக்காலம் உறுதி செய்யப்பட்டது. தமிழகத்தைச் சேர்ந்த க. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 1964இல் தோன்றியது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். அதற்குச் சட்டத் தகுதி அளிக்கவும் நீதிமன்றம் பணித்தது. 2003இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது.

வென்றது எது?

குற்றம் சாட்டப்பட்ட தலைவர்கள் தண்டிக்கப்படவில்லை. பிற சான்றுகளின் துணையின்றி ஏட்டுக் குறிப்புகளை மட்டும் கொண்டு ஒருவரைப் பொறுப்பாக்க இயலாது என 1998இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நீக்கப்பட்ட முன் அனுமதி முறையும் 2003இல் சட்டமாகத் திரும்பியது. 2014இல் மீண்டும் நீக்கப்பட்டது. 2018இல் வேறு வடிவில் மறுபடியும் வந்தது.

ஆகவே, இவ்வழக்கை முழு வெற்றி என்றோ முழுத் தோல்வி என்றோ கூறுதல் பொருந்தாது. காலத்தே திரட்டப்படாத சான்று, நீதிமன்றத்தில் வலுவிழந்து நிற்கும். விசாரிப்போர் அஞ்சாது செயல்படும் சூழல் இருந்தால்தான் சான்றுகள் காலத்தே திரளும். அச்சூழலை அமைக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதனை அமைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. வினீத் நாராயணின் வழக்கு அவ்வுரிமையின் வலிமையைக் காட்டுகிறது.

கற்பவை கற்றபின்

‘விசாரணைக்கு முன் அனுமதி – நேர்மையான அலுவலருக்குப் பாதுகாப்பா? ஊழலுக்கு அரணா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.